இறங்காத எண்

சுருட்டையின் ரத்தத்தில் ஒரு எண் கூடுதலாக இருக்கிறது என்ற செய்தி முதலில் அவளுக்கு வரவில்லை, அவள் அண்ணிக்கு வந்தது. பரிசோதனைக்கூடத்தில் கொடுத்திருந்த கைபேசி எண் அண்ணியுடையது. சிறுநீரகம் தேவைப்பட்டது அண்ணியின் கணவனுக்கு. கொடுக்கப் போகிறவள் சுருட்டை. கொடுக்கிறவளின் ரத்தம் பற்றிய செய்தி வாங்குகிறவர் வீட்டுக்குப் போவதில் அப்போது யாருக்கும் தப்பு தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

முடி சுருள் சுருளாக இருந்ததால் வீட்டில் வைத்த பெயர் சுருட்டை. அது அவள் வேலை செய்த அழகு நிலையம் வரைக்கும் கூடவே வந்துவிட்டது. அடுத்தவர் முடியை நேராக்குகிறவளுக்கு இந்தப் பெயரா என்று வாடிக்கைக்காரிகள் சிரித்தால், "சமையல்காரன் வீட்டுல பட்டினி மாதிரிதான்க்கா" என்பாள். வாயாடி. இடது கையில் சூடான காற்றடிக்கும் கருவியும் வலது கையில் உருளைச் சீப்புமாக, நாள் முழுக்க நின்றுகொண்டே பேசுவாள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ரத்தக்கொதிப்பு அவனுக்குத் தெரியாமலேயே உள்ளே இருந்து இரண்டு சிறுநீரகங்களையும் தின்று தீர்த்திருந்தது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கையில் ஊசியோடு கிடந்தான். மீதி நாட்களில் கம்பெனி அவனைத் தொலைபேசிக்கு முன்னால் உட்கார வைத்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டு கூப்பிடுகிறவர்களிடம் "பதறாதீங்க, ஆள் கிளம்பிட்டாங்க" என்று சொல்ல வேண்டும். முன்பு கிளம்பிப் போன ஆள் அவன்தான்.

அண்ணியின் ரத்தவகை அவனுக்குப் பொருந்தவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. அப்பா இல்லை. மிச்சம் இருந்தது சுருட்டை. அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதையே எல்லோரும் அவளுக்குத் தெரிகிற மாதிரி செய்துகொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக் கூடத்தில், அண்ணன் பாதி தம்ளர் தண்ணீரை அளந்து குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "நான் தர்றேன்" என்றாள்.

அம்மா எழுந்து வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு ராஜ மரியாதை. மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி அவளுக்கு. அவளை இத்தனை வருஷமாக "வந்தியா" என்று மட்டும் கேட்டு வந்த அண்ணி, வாசல் வரைக்கும் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணனுக்குப் பின்னால் இரண்டாவதாகவே வளர்ந்தவளுக்கு அது பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே பிடித்திருந்தது.

அவள் கணவன் டயர் கம்பெனி ஒன்றின் கிடங்கில் மேற்பார்வையாளர். அவருக்குப் பிடிக்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவீங்க."

"அப்படிச் சொல்றவன்கிட்டதான் கேக்கணும். நமக்கும் ஒரு பொண்ணு இருக்கா. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா அவளுக்கு யாரு?"

அவர் பல நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் கையெழுத்துக் கேட்ட இடத்தில் போட்டுக் கொடுத்தார்.

ரத்தவகை பொருந்தியது. திசுக்கள் பொருந்தின. "அச்சு அசல் உங்க அண்ணன்தான்மா நீங்க" என்று சிறுநீரக டாக்டர் சிரித்தார். அதற்கடுத்த பரிசோதனையில்தான் அந்த எண் வந்தது.

டாக்டர் பொறுமையான மனிதர். சுருட்டை, அண்ணன், அண்ணி மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார். "சி.ஆர்.பி.னு ஒண்ணு. ஈ.எஸ்.ஆர்.னு ஒண்ணு. ரெண்டுமே உடம்புல எங்கயாவது அழற்சி இருந்தா ஏறும். சி.ஆர்.பி. அஞ்சுக்குள்ள இருக்கணும். உங்களுக்கு நாப்பத்தெட்டு. இன்னொண்ணும் அதே மாதிரி ஏறித்தான் இருக்கு."

"அப்படின்னா என்ன வியாதி டாக்டர்?" என்று அண்ணி கேட்டாள்.

"அதை இது சொல்லாது. தெருவுல நாய் குரைக்குதுன்னா யாரோ வந்திருக்காங்கன்னு அர்த்தம். எந்த வாசல்ல நிக்கிறாங்கன்னு நாய்க்குச் சொல்லத் தெரியாது. சளி பிடிச்சிருந்தாக்கூட ஏறும், ஒரு வாரத்துல தானா இறங்கிடும். இறங்காம அப்படியே நின்னாத்தான் தேடணும்." பிறகு சுருட்டையைப் பார்த்தார். "காய்ச்சல், வலி, உடம்பு இளைக்கிறது, ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். நல்லாத்தான் இருக்கேன்."

அது பொய். சில மாதமாகவே இடது கை அவள் சொன்னபடி கேட்கவில்லை. காற்றடிக்கும் கருவியைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கை கனத்து, ஈரத் துணி மாதிரி தொங்கும். கீழே இறக்கி வைத்தால் சரியாகிவிடும். சாயங்காலங்களில் உடம்பு கணகணவென்று இருக்கும். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. ஆனால் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் விரல்களுக்கிடையில் அவளுடைய ரத்த அறிக்கை இருந்தது. அந்த இடத்தில் "கை வலிக்குது" என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. நின்றே வேலை செய்கிறவளுக்குக் கை கால் வலிக்காதா என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

டாக்டர் தேட ஆரம்பித்தார். பல் டாக்டர் ஒரு கடைவாய்ப் பல்லைத் தட்டிப் பார்த்து, வேரில் சீழ் இருக்கலாம் என்று பிடுங்கினார். எண் கொஞ்சம் இறங்கியது. அண்ணி அன்றைக்கு இனிப்பு வாங்கி வந்தாள். அடுத்த முறை எண் பழையபடி ஏறிக்கொண்டது. சிறுநீரில் கிருமியைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. காசநோய்க்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள், இல்லை. நெஞ்சுப் படம் சுத்தம். பெண்களுக்கான டாக்டர் ஒருத்தி அடிவயிற்றை அழுத்திப் பார்த்து ஒன்றும் இல்லை என்று அனுப்பினாள். ஒரு கோர்ஸ் மாத்திரை, பிறகு அதைவிட வீரியமான இன்னொரு கோர்ஸ். வயிறு புண்ணானதுதான் மிச்சம். எண் அறுபதைத் தாண்டியது.

சுருட்டையின் வீட்டில் அந்த எண்ணுக்கு வேறு மரியாதை. ஒவ்வொரு முறை அறிக்கை வரும்போதும் கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பார். உயர்ந்திருந்தால் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். மறைக்கவும் தெரியாது.

"அறுபத்தொண்ணு. முதல் வகுப்புல பாஸ்" என்றார் ஒரு தடவை. அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மனைவி கத்திக்குத் தப்பினாள் என்ற நிம்மதிதான். "விடு. நீயா மாட்டேன்னு சொல்லல. டாக்டர்தான் வேணாங்கறார். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்க."

அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

அம்மா வீட்டிலோ அந்த எண் வேறு மாதிரி படிக்கப்பட்டது. முதலில் மின்விசிறி நாற்காலி போனது. ஒரு ஞாயிறு அவள் போனபோது அதில் அண்ணியின் சித்தி உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவும் இல்லை. அப்புறம் வாசல் வரை வந்து வழியனுப்புவது போனது. அண்ணி ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர். அங்கே யாரோ அவளிடம், தடுப்பூசி போட்டுக்கொண்டு போனால் இந்த எண் ஏறும் என்று சொல்லியிருந்தார்கள். ஓட்டமாக ஓடிவிட்டுப் போய் ரத்தம் கொடுத்தாலும் ஏறுமாம்.

"எங்க வீட்டு நாய் சும்மாவேதான் குரைக்குது போல" என்றாள் அண்ணி, சுருட்டைக்குக் கேட்கிற மாதிரி, அடுப்பைப் பார்த்துக்கொண்டு. "ஆட மாட்டாதவ கூடம் கோணல்னாளாம்."

"அண்ணி, நான் ஆடத்தான் வந்தேன்."

"நான் உன்னையா சொன்னேன்? பொதுவாச் சொன்னேன்."

அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

உண்மையில் சுருட்டையின் நிலைமை இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம் மாதிரி ஆகியிருந்தது. உடம்பு முடியவில்லை என்று வாயைத் திறந்தால் சாக்கு. நன்றாக இருக்கிறேன் என்றால், அப்புறம் ஏன் எண் இறங்கவில்லை என்ற கேள்வி. அதனால் நன்றாக இருக்கிறேன் என்பதையே பிடித்துக்கொண்டாள். இளைத்திருக்கிறாயே என்று கேட்ட வாடிக்கைக்காரியிடம் டயட் என்றாள். ஒருநாள் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு முடி உலர்த்தும்போது கை சட்டென்று விழுந்து, சூடான கருவி அந்தப் பெண்ணின் தோளில் பட்டுவிட்டது. நிலையத்தின் முதலாளியம்மா அவளைத் தனியே கூப்பிட்டு, "வீட்டுல பிரச்சினையா?" என்று கேட்டாள். "இல்லக்கா, தூக்கம் சரியில்ல" என்றாள். மறுநாளிலிருந்து கருவியை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அடுத்த பரிசோதனைக்கு முன்னால் அண்ணியே காரெடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள். "ரெண்டு நாள் அம்மாகூட இருந்துட்டு, அங்கேயிருந்தே போயிடலாம். உனக்கும் ரெஸ்டா இருக்கும்."

எதற்கு என்று சுருட்டைக்குப் புரிந்தது. கணவருக்கும் புரிந்தது. "போலீஸ் காவலா?" என்று கேட்டார். அவள்தான் அவரை அடக்கிவிட்டுத் துணியை எடுத்து வைத்தாள். கண்ணெதிரே இருந்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று நம்பினாள்.

அம்மா வீட்டில் அவளை ஒரு வேலை செய்யவிடவில்லை, மாடிப்படி ஏறவிடவில்லை. என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள் என்று அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பகலில் குளித்துவிட்டு வந்தபோது, பாதி திறந்திருந்த கதவு வழியாக, அண்ணி அவளுடைய கைப்பையைக் கட்டிலில் கொட்டித் துழாவிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். சுருட்டை அங்கேயே நின்றாள். அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். வெட்கப்படவில்லை. ஒரு மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"இது எதுக்கு?"

"தலைவலிக்கு அண்ணி."

"டெஸ்ட் வந்தா உனக்குத் தலைவலி வருமா?"

அது சாயங்காலக் காய்ச்சலுக்கான மாத்திரை. அதைச் சொல்லியிருக்கலாம். அண்ணி அந்த அட்டையைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். அந்த இரண்டு சாயங்காலமும் சுருட்டை மாத்திரை இல்லாமல் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, தூங்குகிற மாதிரி படுத்திருந்தாள்.

பரிசோதனைக்கூடத்தில் அண்ணி நாற்காலியை ஒட்டி நின்று, ஊசி ஏறுவதிலிருந்து குழாயில் பெயர் ஒட்டுவது வரை கண்ணெடுக்காமல் பார்த்தாள். ரத்த அழுத்தம் பார்க்க வந்த பெண் இடது கையில் பட்டையைச் சுற்றி இரண்டு தடவை முயன்றாள். கருவியில் எண்ணே வரவில்லை. "இந்த மெஷின் இப்படித்தான்க்கா மக்கர் பண்ணும். அந்தக் கையைக் குடுங்க" என்றாள். வலது கையில் வந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எண் எழுபத்திரண்டு. அதுவரை வந்ததிலேயே அதுதான் அதிகம்.

அன்று மதியம் அண்ணன் அவளை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனான். ஏறி முடிப்பதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது. அவன் மூச்சை மட்டும்தான் அவன் கவனித்தான். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தார்கள்.

"மாட்டேன்னு சொல்லணும்னா சொல்லிடு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"எனக்குக் குடுக்கணும்ணே."

"அவ நீ முன்னாடியே ஏதோ போட்டுக்கிட்டு வந்திருப்பேங்கறா. மாப்ள ஏதோ ஏற்பாடு பண்றாருங்கறா."

"நீ என்ன சொல்ற?"

டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறிப் புடைத்துப் போன நரம்பைத் தடவிக்கொண்டிருந்தான். "என்னமோ தெரியல. வாய் குடுக்கறேங்குது. ரத்தம் மாட்டேங்குது. எதை நம்பறது?"

சின்ன வயதில் அவளுக்குச் சைக்கிள் சொல்லிக் கொடுத்தவன், அவள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கியவன். அவனே அப்படிக் கேட்டதும் அவளுக்குள் ஏதோ ஒன்று முறிந்தது. முறிந்த இடத்தில் வந்தது அழுகை இல்லை, கோபம். அன்றைக்கே பஸ் பிடித்து வீட்டுக்குப் போனாள்.

சிறுநீரக டாக்டர் இந்த முறை கடைவாய்ப் பல்லைத் தேடவில்லை. மூட்டு மற்றும் அழற்சி நோய்களைப் பார்க்கும் வேறொரு டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார். அவர் நரைத்த குட்டை முடியும் அடைத்த மூக்குமாக இருந்த பெண்மணி. ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். அண்ணியும் கூட வந்திருந்தாள்.

"நீங்க யாரு?" என்று டாக்டர் அண்ணியைக் கேட்டார்.

"நான் பேஷன்டோட..." என்று ஆரம்பித்த அண்ணி நிறுத்தினாள். "இவ அண்ணி."

"இங்க பேஷன்ட் இவங்கதான். நீங்க வெளிய உக்காருங்க."

கதவு மூடியது. டாக்டர் பழைய அறிக்கைகளை வரிசையாகப் பார்த்தார். கை வலி உண்டா, மூட்டு வீக்கம் உண்டா, வாய்ப்புண் உண்டா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் சுருட்டை இல்லை என்றாள். டாக்டர் எழுந்து வந்து அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடித்தார். வலது கையை விட்டார். இடது கையில் விரலை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தார். கழுத்தெலும்புக்கு மேலே ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு அடிவயிற்றிலும், முதுகிலும்.

"இந்தக் கையில நாடியே கிடைக்கல" என்றார். "எத்தனை மாசமா கை சோர்ந்து போகுது?"

"அப்படியெல்லாம் ஒண்ணும்..."

"அம்மா, நான் உங்க அண்ணனோட டாக்டர் இல்ல. உங்க டாக்டர். யாருக்காக நல்லா இருக்கேன்னு சொல்லிட்டிருக்கீங்க?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. சுருட்டை வாயைத் திறந்தாள். கை, காய்ச்சல், இளைப்பு, தலையை நிமிர்த்தி மேல் அலமாரியில் சாயப் புட்டி எடுக்கும்போது கண் இருட்டுவது, எல்லாம் கொட்டியது. டாக்டர் குறுக்கிடாமல் எழுதினார். மூக்கைக்கூடத் துடைக்கவில்லை.

மருந்து செலுத்தி ஸ்கேன் எடுத்தார்கள். வாயில் நுழையாத ஒரு பெயரை டாக்டர் சொன்னார், பிறகு தமிழில் சொன்னார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் சுவரிலும் அதன் கிளைகளிலும் அழற்சி. சுவர் தடித்துத் தடித்து வழி குறுகிக்கொண்டே வந்திருக்கிறது. இடது கைக்குப் போகும் குழாய் கிட்டத்தட்ட அடைத்துவிட்டது. வலது சிறுநீரகத்துக்குப் போகும் குழாயும் குறுக ஆரம்பித்திருக்கிறது. இளம் வயதுப் பெண்களுக்குத்தான் அதிகம் வரும். ஏன் வருகிறது என்று தெரியாது. மருந்து உண்டு, பல வருஷம் சாப்பிட வேண்டியிருக்கும். அடைத்தது திறக்கும் என்று சொல்ல முடியாது, அடைக்காததைக் காப்பாற்றலாம்.

"முதல் தடவை எண் ஏறினப்பவே கண்டுபிடிச்சிருந்தா?" என்று சுருட்டை கேட்டாள்.

டாக்டர் முதல் அறிக்கையின் தேதியைப் பார்த்தார். "கை இந்த அளவுக்குப் போயிருக்காதுன்னு நினைக்கிறேன். நிச்சயமாச் சொல்ல முடியாது." பிறகு, "தானம் கிடையாது. இப்ப மட்டும் இல்ல, எப்பவும். ஒண்ணை எடுத்துட்டு, மிச்சம் இருக்கறதுக்கும் ரத்தம் போகாம நின்னுட்டா, நீங்களும் அண்ணன் பக்கத்துக் கட்டில்லதான்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாதியில் நின்றது கை.

"அப்ப அந்த எண்ணு..." என்றார். "அது உன்னோடதா?"

"பின்ன யாரோடது?"

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு வருஷத்துக்கும் மேலாக, ஒவ்வொரு முறையும் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தவர். மச்சானுக்குச் சிறுநீரகம் போகாது என்பதைத் தவிர வேறு எதையும் அந்த எண்ணில் அவர் படிக்கவில்லை. "நான் சிரிச்சேனே" என்றார். அவள் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. அன்றைக்கு அவளிடம் அதற்குத் தெம்பு இல்லை. மருந்துச் சீட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் அம்மா வீட்டுக்கு இருவருமாகப் போனார்கள். கணவர் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், ஏதோ கோர்ட்டில் சாட்சி காட்டுகிற மாதிரி. அண்ணி வெகுநேரம் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது. முகம் அப்படியே வெளுத்தது. ஆனால் மன்னிப்பு என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. "இதை முதல்லயே சொல்லியிருந்தா நாங்க வேற ஏற்பாடு பார்த்திருப்போமே. ஒரு வருஷம் வீணாப் போச்சு" என்றாள்.

அம்மா சுருட்டையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. அம்மா அதைத் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்:

"கிட்னியில வலது பக்கம்தான சுருங்கியிருக்கு? இடது நல்லாத்தான இருக்கு?"

ஒரு நிமிஷம் யாருக்கும் அர்த்தம் ஆகவில்லை. முதலில் புரிந்துகொண்டது அண்ணன்தான். "அம்மா, சும்மா இரு" என்றான். எழுந்து செருப்பைத் தேடினான். அன்று அவனுக்கு டயாலிசிஸ் நாள்.

சுருட்டை தன் கையை அம்மாவின் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

மருந்து வேலை செய்தது. எண் முப்பதுக்கு இறங்கி, பத்துக்கு இறங்கி, ஒருநாள் நாலுக்கு வந்தது. அந்த அறிக்கையை யாரும் கொண்டாடவில்லை. மருந்தில் இருந்த ஸ்டீராய்டு அவள் முகத்தை நிலா மாதிரி உருட்டியது. கன்னம் உப்பியது, பிடரியில் சதை வைத்தது. உள்ளே எலும்பு மெலிந்துகொண்டிருக்கும் என்று டாக்டர் எச்சரித்து வேறு மாத்திரைகளும் கொடுத்தார். அழகு நிலையத்தில் அவளால் பாதி வேலைதான் செய்ய முடிந்தது. முதலாளியம்மா நல்லவள், முன்னறையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கச் சொன்னாள். வாயாடியாக இருந்தவள், வருகிறவர்களிடம் பெயரும் நேரமும் மட்டும் கேட்டாள்.

அண்ணன் ஒரே ஒரு முறை அவள் வீட்டுக்குத் தனியாக வந்தான். சோபாவில் உட்கார்ந்து, மருமகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு கதை பேசினான். குழந்தை விளையாடப் போனதும் சொன்னான்:

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. உனக்கு இப்படின்னு கேட்டதும் எனக்குப் பாவமா இல்ல. ஆத்திரமா வந்துச்சு. நீ நல்லா இருந்திருந்தா எனக்குக் கிடைச்சிருக்குமேன்னு."

"எனக்கும் உன்மேல ஆத்திரம்தான்ணே. உனக்கு உடம்பு நல்லா இருந்திருந்தா எனக்கு டாக்டரே தேவைப்பட்டிருக்காது. அப்படியே ஒருநாள் விழுந்திருப்பேன், நிம்மதியா."

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். நீண்ட நாளுக்கப்புறம் இருவரும் சேர்ந்து சிரித்தது அது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். அரை தம்ளர் போதும் என்றான். கிளம்பும்போது அவள் வீங்கிய கன்னத்தில் விரலால் லேசாகத் தட்டினான். அடுத்த மழைக்காலத்தில் டயாலிசிஸ் ஊசி ஏறும் இடம் வழியாக ரத்தத்தில் கிருமி ஏறி, அவன் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டான். இறந்தவர்கள் தானம் செய்த சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கும் வரிசையில் அவன் பெயரும் இருந்தது. எண்ணைத் துரத்திக்கொண்டிருந்த வருஷத்தில் யாரும் அதைப் பதியவில்லை. பதிந்தபோது வரிசை நீண்டிருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் கூடத்தில் நிறைந்திருந்தார்கள். அம்மா சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அண்ணி உள்ளறையில். சுருட்டை ஒரு மூலையில், இடது கையை மடியில் போட்டுக்கொண்டு, நாலு பேருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அண்ணியின் சித்தி பக்கத்தில் இருந்தவளிடம் பேசியது, குரலைத் தாழ்த்திய மாதிரிதான் இருந்தது. கூடம் முழுக்கக் கேட்டது.

"தங்கச்சி குடுக்கறேன்னு சொல்லி ஒரு வருஷம் இழுத்தடிச்சா. கடைசியில குடுக்கல. அந்தப் புள்ள வத்தலாப் போய்ச் செத்தான். இவளைப் பாரு, எப்படிப் பூசின மாதிரி இருக்கான்னு. கன்னம் ரெண்டும் பளபளன்னு."

யாரோ 'உச்' கொட்டினார்கள். பல தலைகள் திரும்பின.

சுருட்டை சித்தியைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். ஸ்கேன் படத்தைப் பார்த்தவள் அம்மா. சில்லிட்ட கையைத் தேய்த்தவள். ஒரு வாக்கியம் போதும், 'அவளுக்கும் உடம்பு சரியில்ல' என்று. அம்மாவுக்குக் கேட்டிருந்தது. கண் இமை அசைந்ததிலேயே தெரிந்தது. அம்மா தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுருட்டை கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு வலது கையை ஊன்றி எழுந்தாள். யாரும் தடுக்கவில்லை. செருப்புக் குவியலில் தன்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். கணவர் எதிர்ப்பக்கத்தில் ஆண்களோடு நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தியா?"

"ஏறிக்கறேன், மெதுவா ஓட்டுங்க" என்றாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஒரு கையால் மட்டும் அவரைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கை பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். வண்டி நகர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மத்தியான மாத்திரைக்கு நேரமாகியிருந்தது.